பெயருக்கு முன்னால் ஒரு சைபர்

உட்காரச் சொல்லாதீர்கள் அம்மா. நின்று பேசிப் பழகிய உடம்பு இது. இந்தப் பென் டிரைவையும் உடனே வாங்கிச் செருகிவிடாதீர்கள். முதலில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள், அப்புறம் செருகுங்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த இந்த அண்ணாச்சியும் ரீசார்ஜுக்கு நிற்கிற அந்த அம்மாவும் கேட்பதென்றால் கேட்கட்டும். என்னிடம் ஒளிவு மறைவு கிடையாது.

வரிசையாகச் சொல்கிறேன். வரிசை இல்லாமல் சொன்னால் அது புலம்பல். வரிசைப்படுத்திச் சொன்னால்தான் கோரிக்கை. இதை நானே ஒரு துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

முதலாவது. வெள்ளக்கரை உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குக் கட்டடம் கட்டினார்கள். வாசலில் கல் பதித்தார்கள். கல்லில் நிறுவனச் செயலாளர் ஆ. வைகுண்டம் என்று என் பெயர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் செருப்பு ஸ்டாண்டு வைத்தார்கள்.

இரண்டாவது. சங்கத்துக்கு ஆண்டு மலர் போட்டார்கள். வேலைநிறுத்தப் பந்தல் படம் நடுப்பக்கத்தில். அதில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. என் முழங்கைதான் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? சட்டைக் கையை மூன்று மடிப்பு மடிக்கிறவன் அந்தப் பந்தலில் நான் ஒருவன்தான்.

மூன்றாவது. நினைவுநாள் நோட்டீஸ். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் ஆள் போட்டுவிட்டு, கடைசி வரியில் ‘மற்றும் மூத்த தோழர்கள்’ என்று அடித்தார்கள். அந்த ‘மற்றும்’ யார்? நான்தான்.

நான்காவது. சால்வை போர்த்தினார்கள். எங்கள் இயக்கத்தில் ஒருவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் போர்த்துவார்கள். போர்த்திவிட்டு, “அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு வார்த்தை பேசுங்க” என்றான் இப்போதைய செயலாளர் செந்தூர்பாண்டி. நான் பேச ஆரம்பித்தால் அளத்துக் கணக்கப்பிள்ளை குடையை மடக்குவான். என்னிடம் இரண்டு வார்த்தை!

ஐந்தாவது, இதோ என் கையில் இருக்கிற இந்தப் பென் டிரைவ்.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் உங்களுக்கு ஒரு வழக்கம் தெரிய வேண்டும். டவுனில் கடை வைத்திருக்கிறீர்கள், தெரிந்திருக்காது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து அளத்தில் வாசலில் ஒரு பலகை தொங்கும். காலையில் உப்பு வார வந்தவர்களின் பெயரை அதில் சாக்பீஸால் எழுதுவான் கணக்கப்பிள்ளை. கூலி கூடக் கேட்டவர், குடிக்கத் தண்ணீர் கேட்டவர், காலில் புண் என்று ஒரு நாள் வராமல் இருந்தவர், இவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு சைபர் போடுவான். சைபர் போட்டால் அன்றைக்கு வேலை இல்லை. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கக் கூடாது. வேலை இல்லை என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலாவது பரவாயில்லை. எல்லோரையும் நிற்க வைத்துச் சத்தமாக வாசிப்பான். “சைபர் மாடத்தி!” வாசித்ததும் மாடத்தி என்கிறவள் வரிசையை விட்டு விலகி, அத்தனை பேர் பார்க்க, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமலே நடப்பாள். அவிழ்த்தால் அழுகிறது தெரிந்துவிடும் என்று ஒரு முறை சொன்னாள்.

அந்தச் சைபரை எதிர்த்துத்தான் வேலைநிறுத்தம். நான்தான் நடத்தினேன். என் பெயர் அந்தப் பலகையில் ஒரு நாளும் ஏறியதில்லை. கணக்கப்பிள்ளைக்கு அவ்வளவு பயம்.

என்ன கேட்கிறீர்கள்? இல்லை, நான் உப்பு வாரியதில்லை. டவுனில் அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்த்தேன். அதனால் என்ன? கல்லூரி வாசலை மிதிக்காதவன் நான். வந்து விழுந்த துண்டறிக்கைகளைப் பிழை திருத்தித் திருத்தியே உலக நடப்பு கற்றவன். அளத்தில் இறங்கினால்தான் அளத்தைப் பற்றிப் பேசலாமா? போன ஞாயிற்றுக்கிழமையும் ஒருத்தி இதையே கேட்டாள். போகட்டும், அவள் விஷயத்துக்கு வரிசைப்படி வருகிறேன்.

பந்தலில் ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் கேசட்டில் பதிவு செய்தோம். யோசனை என்னுடையது. மற்ற ஊர் அளங்களுக்கு அனுப்பிப் போட்டுக்காட்ட வேண்டும் என்பது திட்டம். பன்னிரண்டு உருப்படி. வரிசை நான் போட்டது. முதலில் என் விளக்க உரை. பிறகு தீர்மானம், மற்ற தோழர்களின் பேச்சு, கவிதை என்று ஒன்பது வரைக்கும் அரசியல். பத்தாவது, கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர்களுக்கு நன்றி. பதினொன்றாவது முழக்கம். பன்னிரண்டாவது மாடத்தியின் பாட்டு.

அந்தப் பாட்டில் அரசியல் குறைவு, அதனால் கடைசியில் வைத்தேன்.

‘சுழி போட்டு வச்சாண்டி எம்பேருக்கு, நான் சுத்திவந்து நிக்கேண்டி வாசலுக்கு.’ அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதே இரண்டு வரி. வர்க்கம் இல்லை, சுரண்டல் என்ற சொல்லே இல்லை. நான் நாலு வரி எழுதிக் கொடுத்து, “இதையும் சேர்த்துப் பாடு மாடத்தி” என்றேன். வாங்கிப் பார்த்தாள். “இது ஒங்க வாய்க்குத்தான் அண்ணாச்சி சரியா வரும். என் வாயில நிக்காது” என்றாள். இடுப்பில் கைக்குழந்தை. செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். பந்தல் முழுவதும் அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டது. பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். என் உரைக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. அது கேட்டுச் சிந்திக்க வேண்டிய உரை.

மறுநாள் அளத்து வாசலில் மறியல். உப்பு லாரி பின்னோக்கி வந்தது, நிற்கவில்லை. மாடத்தி வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் டவுனில் அடுத்த துண்டறிக்கை அடிக்கப் போயிருந்தேன்.

அதற்கப்புறம் பலகையைக் கழற்றினார்கள். வெற்றி. ஆண்டுதோறும் நினைவுநாள். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். அன்றைக்குப் பந்தலில் எந்த வரிசையில் பதிவானதோ அதே வரிசையில் மைக் செட்டில் ஓட வேண்டும். கடைசியில் மாடத்தியின் பாட்டு. அவள் செருமுகிற சத்தம் கேட்டதும் ஊரே எழுந்து நிற்கும். பாட்டு நடக்கும்போதே அவள் மகள் செல்லக்கனி கொடியை ஏற்றுவாள். அன்றைக்கு இடுப்பில் இருந்த பிள்ளைதான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கும் நரை வந்துவிட்டது. ராத்திரி பஸ்ஸில் புறப்பட்டு வருவாள். நிகழ்ச்சி பாதியில்தான் வந்து சேர்வாள். பாட்டு கடைசி என்பதால் ஒரு வருஷமும் தவறியதில்லை.

தாயின் குரல் அவளுக்கு அந்த ஒரு நாள்தான். ஒரு தடவை என்னிடம் கேட்டாள். “மாமா, அந்தப் பாட்ட மட்டும் என் போன்ல ஏத்திக்கிடட்டுமா?” நான் முடியாது என்றேன். அது இயக்கத்தின் சொத்து. தனியாக உட்கார்ந்து கேட்பதற்கு அது சினிமாப் பாட்டா? கூட்டாகக் கேட்க வேண்டியதைக் கூட்டாகத்தான் கேட்க வேண்டும். என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கொள்கை என்று ஒன்று இருக்கிறது அம்மா.

கேசட் இருந்த வரைக்கும் குழப்பமே இல்லை. கேசட்டுக்கு ஒரு தலை, ஒரு வால். முதலில் இருப்பது முதலில் வரும். ஒன்றை ஒன்று முந்த முடியாது. அது ஒழுக்கமான பொருள். நாடா நைந்து இழுக்க ஆரம்பித்ததும் ஒரு கடையில் கொடுத்து இதில் மாற்றினோம். பன்னிரண்டும் பன்னிரண்டு தனித்தனிக் கோப்பு. நானே பக்கத்தில் உட்கார்ந்து எண் போட வைத்தேன். 1 வைகுண்டம், 2 தீர்மானம் என்று தொடங்கி 12 மாடத்தி. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணத் தெரியாதவனா நான்?

போன வருஷ நினைவுநாள்தான் இதற்கு முதல் அரங்கேற்றம். மைக் செட் சூசை புதுப் பெட்டி வாங்கியிருந்தார். செருகினார். என் உரை கணீர் என்று வந்தது. அப்போதுதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் உரை முடிந்தது. அடுத்துத் தீர்மானம் வர வேண்டும். வந்தது என்ன தெரியுமா? “கஞ்சிக்கு அரிசி கொடுத்து உதவிய பெருமக்களுக்கு...” பத்தாவது! அதற்கு அடுத்து முழக்கம். அடுத்து, மாடத்தி செருமுகிறாள்.

ஊர் என்ன செய்யும்? பழக்கம். டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரோடு எழுந்து நிற்கிறான். கொடி ஏற்றப் பிள்ளை இல்லை. செந்தூர்பாண்டி இங்கே ஓடுகிறான், அங்கே ஓடுகிறான், கடைசியில் அவனே கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டான். பாட்டு முடிந்தது. முடிந்ததும், அடக்கம் முடிந்த வீட்டில் விருந்தாளி வந்த மாதிரி, 2 தீர்மானம் வருகிறது. யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கொடி ஏறிவிட்டது, ஊர் கலைந்துவிட்டது. ஒன்பது வரைக்கும் வெற்று நாற்காலிகள் கேட்டன.

செல்லக்கனி தோளில் பையோடு வந்து சேர்ந்தாள். மேலே பார்த்தாள். கொடி பறந்துகொண்டிருந்தது.

“பாட்டு?” என்றாள்.

“ஆயிட்டு தாயி” என்றார் யாரோ.

சூசை சொன்னார்: “ஒண்ணும் இல்ல, இந்தா திரும்பப் போட்டுருதேன். நீ கொடியக் கீழ எறக்கி ஏத்து.”

நான் விடுவேனா? எனக்கு உடனே விளங்கிவிட்டது. வரிசையை எவனோ வேண்டுமென்றே கலைத்திருக்கிறான். என் உரைக்கும் மற்ற உரைகளுக்கும் நடுவில் கஞ்சியைக் கொண்டுவந்து ஊற்றியவன் யார்? சதி நடந்தால் முதல் வேலை என்ன? சாட்சியத்தைக் கைப்பற்ற வேண்டும். மேடையில் ஏறினேன், பெட்டியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினேன், சட்டைப் பையில் போட்டேன். மைக்கைப் பிடித்துச் செந்தூர்பாண்டி மேல் குற்றச்சாட்டு வாசித்தேன். இரண்டு வார்த்தை இல்லை அம்மா, வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் வாசித்தேன்.

செல்லக்கனியா? கொடிக்கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்கிறேன். அப்புறம் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டாள். குற்றச்சாட்டு முடியும் வரை இருந்திருக்கலாம்.

இந்தப் பென் டிரைவை ஒரு கவரில் போட்டு, அரக்கு வைத்து, வருஷம் முழுவதும் என் பெட்டியில் பூட்டி வைத்தேன். செந்தூர்பாண்டி ஆள் விட்டுக் கேட்டான், தரவில்லை. சூசை வந்தார். “அண்ணாச்சி, ஒரு காப்பி எடுத்துட்டுத் தந்துருதேன்” என்றார். தரவில்லை. செல்லக்கனி போனில் கேட்டாள். விசாரணை முடியட்டும் என்றேன். சங்கப் பேரவை கூட்டி என் முன்னால் திறக்க வேண்டும் என்று எழுதி எழுதிக் கேட்டு, போன ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டினார்கள்.

பேரவையில் அரக்கை உடைத்தேன். சூசை பெட்டியைக் கொண்டுவந்து வைத்து விளக்கம் சொன்னார்.

“இதுல சதியும் இல்ல, கிதியும் இல்ல. இந்தப் பெட்டிக்கு நம்பர் தெரியாது அண்ணாச்சி. பேர எழுத்தெழுத்தாத்தான் பாக்கும். ஒண்ணுல ஆரம்பிக்கிற பேரையெல்லாம் ஒரே கட்டா எடுத்துக்கிடும். ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அது முடிஞ்ச பொறவுதான் ரெண்டுக்கு வரும்.”

“பத்தா இரண்டா, எது பெரியது என்று தெரியாத பெட்டியை எதற்கு ஐயா வாங்கினீர்?” என்றேன்.

“பெரிசு சின்னது பாக்கதுக்கு அது என்ன சங்கமா?” என்றார். சிரித்தார்கள். என் எதிரிலேயே சிரித்தார்கள்.

“இதுக்கு ஈசியான வழி இருக்கு. ஒண்ணுக்கு முன்னால ஒரு சைபர் போட்டுருங்க. சைபர் ஒண்ணு, சைபர் ரெண்டு, இப்படி ஒம்பது வரைக்கும். பத்துல இருந்து அப்படியே இருக்கட்டும். கேசட்டு மாதிரி வரிசையா வந்துரும்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது அம்மா. எழுந்தேன். “தோழர்களே! எந்தச் சைபரை ஒழிக்க ஒரு பெண் உயிரைக் கொடுத்தாளோ, அந்தச் சைபரை அவள் நினைவுநாளிலேயே தோழர்கள் பெயருக்கு முன்னால் போடச் சொல்கிறார்கள். பலகையைக் கழற்றினோம், பெட்டியில் மாட்டப் பார்க்கிறார்கள். என் பிணத்தின் மேல் போடுங்கள்!” கைதட்டினார்கள். இரண்டு பேராவது தட்டினார்கள்.

வெறுமனே எதிர்த்துவிட்டு உட்காருகிறவன் இல்லை நான். மாற்று வழியும் வைத்தேன். சைபர் வேண்டாம், வரிசையாக ஒவ்வொன்றாகக் காப்பி செய்வோம் என்றேன். அங்கேயே ஒரு பையனின் லேப்டாப்பில் செய்து பார்த்தார்கள். சூசையின் பழைய பெட்டியில் ஏற்றின வரிசையிலேயே ஓடியது, ஆனால் அதில் சத்தம் முன் வரிசையைக்கூடத் தாண்டாது. புதுப் பெட்டியில் பழைய கதைதான், திரும்பவும் கஞ்சி. சரி, எண்ணே வேண்டாம், நம் உயிரெழுத்துப் பன்னிரண்டு இருக்கிறதே, உருப்படியும் பன்னிரண்டுதானே, ‘அ’ வைகுண்டம், ‘ஆ’ தீர்மானம் என்று ‘ஔ’ மாடத்தி வரைக்கும் போடுங்கள் என்றேன். எப்படி யோசனை? சபையே அசந்துவிட்டது. போட்டார்கள். பெட்டியின் சின்னத் திரையில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. “இதுக்குத் தமிழ் வராது அண்ணாச்சி” என்றார் சூசை. தமிழ்நாட்டில் விற்கிற பெட்டிக்குத் தமிழ் வராது! அதற்குத் தனியாக ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தேன். முன்மொழிய நான் இருந்தேன், வழிமொழிய ஆள் இல்லை.

பெயர்களைப் பழையபடி எண்களுக்கே மாற்றிவிட்டு, சூசை கோளாறைச் செய்து காட்டினார். ஒவ்வொன்றிலும் தொடக்கத்தை மட்டும் ஓட்டினார். என் உரை. அடுத்துக் கஞ்சி. அடுத்து முழக்கம். அடுத்து, மாடத்தி செருமினாள்.

பழக்கம் போகுமா? சபை முழுவதும் எழுந்து நின்றது.

நான் கையை உயர்த்தினேன். “நிறுத்துங்கள்! இது விசாரணை, கச்சேரி இல்லை!” சூசை நிறுத்திவிட்டார். செருமல் மட்டும்தான் வந்தது. பாட்டு தொடங்கவில்லை.

அப்போதுதான் பின் வரிசையில் செல்லக்கனி நிற்பதைப் பார்த்தேன். திருப்பூரிலிருந்து இதற்கென்றே வந்திருக்கிறாள். எல்லோரும் உட்கார்ந்தும் அவள் உட்காரவில்லை.

“சூசை அண்ணே, ஒரு சந்தேகம்” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். “அந்தச் சைபர எது வரைக்கும் போடணும்?”

“ஒம்பது வரைக்கும் தாயி.”

“எங்கம்மா எத்தனாவது?”

“பன்னெண்டு.”

“அப்ப எங்கம்மா பேருக்கு முன்னால வராது?”

“வராது. அவளுக்கு எதுக்கு?”

“வைகுண்டம் மாமாவுக்கு?”

சூசை என்னைப் பார்த்தார். “மாமாவுக்கு வரும். ஒண்ணுல்லா.”

செல்லக்கனி என் பக்கம் திரும்பினாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லித்தானே வளர்ந்தேன். அவள் கோபப்படவில்லை.

“எங்கம்மா ஒருக்க வாங்கிக்கிட்டா மாமா. ஊர் பாக்க வாங்கிக்கிட்டுத் திரும்பி நடந்தா. நீங்க ஒரு நாளும் அளத்துல எறங்கல, ஒங்க பேரு அந்தப் பலகையில இருந்ததே இல்ல. இப்பவும் இந்தச் சின்னப் பெட்டியிலதான் போடச் சொல்லுதாவ. எங்கம்மா கடைசியில வரணும்னா ஒங்களுக்கு ஒரு சைபர் வரணும். அவ்வளவுதான?”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் பதில் சொன்னேன் அம்மா. பதில் சொல்லாமல் நான் உட்கார்ந்த கூட்டம் என் வாழ்நாளில் கிடையாது. என்ன சொன்னேன் என்றால்... மைக் ஓடவில்லை. சூசை அணைத்து வைத்திருந்தார். அவரைக் கேட்டால் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பார், நம்பாதீர்கள்.

செந்தூர்பாண்டி எழுந்து, “அண்ணாச்சியே அவுக கையால வரிசைப்படுத்திக் கொண்டாரட்டும். அவுக எப்படிக் கொண்டுவந்தாலும் நினைவுநாள்ல அதுதான் ஓடும்” என்று தீர்மானம் போட்டான். எல்லோரும் கை தூக்கினார்கள். பார்த்தீர்களா தந்திரத்தை? நாளைக்கு வரிசை குழம்பினால் பழி யார் மேல்? என் மேல். சால்வை போர்த்திய அதே கை.

நாளை மறுநாள் நினைவுநாள். சூசையிடம் போக மாட்டேன். ஊரில் எவனிடமும் போக மாட்டேன். அதனால்தான் பஸ் ஏறி, என்னைத் தெரியாத கடையாகப் பார்த்து வந்தேன்.

இப்போது செருகுங்கள்.

திறந்துவிட்டதா? எல்லாம் தெரிகிறதா? அதோ பாருங்கள், உங்கள் திரையில் சரியாகத்தான் நிற்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று என்று. உங்கள் கம்ப்யூட்டருக்கு எண் தெரிகிறது. படித்த பெட்டி. அந்தப் பெட்டிக்குப் போனதும்தான் குழப்பம்.

என்ன? பதினொன்றிலிருந்து தொடங்கலாமா? 11 வைகுண்டம், 12 தீர்மானம், கடைசியில் 22 மாடத்தி... எல்லாமே இரண்டு இலக்கம், அதனால் வரிசை மாறாது... சைபரே முன்னால் தேவை இல்லை.

அந்தப் பெட்டியிலும் சரியாக ஓடுமா? நிச்சயமாக?

இதைச் சூசை சொல்லவில்லை. சபையில் இத்தனை பேர் இருந்தார்கள், ஒருவனும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன வழி. அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அந்தப் பிள்ளையும் எழுந்திருக்க மாட்டாள். அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டாள்.

இருங்கள். அடிக்காதீர்கள். கையை எடுங்கள் அம்மா, யோசிக்கிறேன்.

வேண்டாம்.

ஏன் என்றால்? பதினொன்று என்று போட்டால் எனக்கு முன்னால் பத்துப் பேர் இருந்த மாதிரி ஆகிவிடும். சங்கத்தின் வரலாறே திரிந்துவிடும். நான் முதலாவது. முதலாவது என்றால் முதலாவதுதான். ஒன்று இருக்கட்டும்.

அதற்கு முன்னால் அந்தச் சைபரைப் போடுங்கள்.

ஆமாம், போடச் சொல்லித்தான் சொல்கிறேன். என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் ஃபேன் சத்தம்தான் தொந்தரவு. முதலில் என் பெயருக்குப் போடுங்கள். பிறகு மற்ற எட்டுப் பேருக்கும் போடுங்கள், அவர்கள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பத்தையும் பதினொன்றையும் தொடாதீர்கள். பன்னிரண்டைத் தொடவே தொடாதீர்கள். அந்தப் பெயருக்கு முன்னால் எதுவும் வரக் கூடாது.

போட்டாயிற்றா? கொஞ்சம் பொறுங்கள். அண்ணாச்சி, ஜெராக்ஸை அப்புறம் எடுக்கலாம், இப்படி வாருங்கள். உங்கள் பெயர்? நயினார். நல்லது. நீங்கள் அம்மா? ரோசம்மாள். இருவரும் சாட்சி. நாளைக்கு வெள்ளக்கரையில் எவனாவது வந்து, வைகுண்டத்துக்குத் தெரியாமல் போட்டார்கள், தூங்கும்போது போட்டார்கள் என்று பேசினால், நீங்கள் சொல்ல வேண்டும். நின்றுகொண்டிருந்தான், கண் விழித்திருந்தான், அவனே போடச் சொன்னான் என்று சொல்ல வேண்டும்.

இப்போது திரையைப் பார்த்து அந்த முதல் பெயரை வாசியுங்கள் அம்மா. இப்படி முணுமுணுப்பாக இல்லை. அந்தக் கணக்கப்பிள்ளை அளத்து வாசலில் நின்று வாசிப்பான், கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்த மாதிரி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாசியுங்கள். சைபரை விழுங்காமல் வாசியுங்கள்.

“சைபர் ஒண்ணு, வைகுண்டம்!”